கல்லூரிக்குப் போய்க்கொண்டே நீட்: ஆர்வம் எந்த மாதத்தில் கசிகிறது?

ஜூன் மாதம் நீட் முடிவு வருகிறது. நினைத்த மதிப்பெண் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க வீட்டில் உட்கார வைக்க அப்பா அம்மாவுக்கு மனமில்லை. மறுமுறை எழுதுகிறவர்களுக்கான பயிற்சி வகுப்பு (ரிப்பீட்டர் பேட்ச்), விடுதி என்று கட்டப் பணமும் இல்லை. அதனால் பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ மைக்ரோபயாலஜியோ கிடைத்த கல்லூரியில் சேர்ந்துவிட்டு, "காலேஜும் போறேன், நீட்டும் எழுதறேன்" என்று கிளம்புகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. இந்தப் பதிவு அவர்களுக்கானது.

ஆகஸ்டில் இவர்களிடம் இருக்கும் வேகம் பிப்ரவரியில் இருப்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் அதற்கு உடனே "மனவுறுதி போதாது" என்று பெயர் வைத்துவிடுவார்கள். படிப்பவர்களும் அதை நம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டிவேஷன் வீடியோ தேடுவார்கள். அந்த வீடியோ தரும் சூடு கையிலிருக்கும் டீ ஆறும்வரை தாங்கும். ஆர்வம் வற்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, நாள்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போட்டது. இன்னொன்று, முன்னேறியிருந்தாலும் அது தன் கண்ணுக்கே தெரியாதபடி படித்தது. இரண்டையும் சரிசெய்யலாம்.

முதல் ஓட்டை: ஜூலை முதல் அக்டோபர்வரை

நீட் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கல்லூரி ஜூலை வாக்கில் தொடங்குகிறது. ஆகவே கையில் இருப்பது சுமார் பத்து மாதம். அதில் முதல் நான்கு மாதத்தைக் கலந்தாய்வு தின்றுவிடுகிறது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மீதமுள்ள இடங்களுக்கான சுற்று என்று அக்டோபர், நவம்பர்வரை இழுக்கும். "கட்ஆஃப் இறங்குமா, ஒருவேளை நமக்குக் கிடைத்துவிடுமா" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே நாட்கள் போகும். சீட்டுக்கு எட்டாத மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழி எளிது. உங்கள் தரவரிசையை முந்தைய ஆண்டின் அதே பிரிவு, அதே ஒதுக்கீட்டின் கடைசி தரவரிசையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். தூரம் அதிகம் என்றால் அன்றே அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். நூலிழை தூரம்தான் என்றால் கலந்தாய்வில் கலந்துகொள்ளுங்கள். ஆனால் அறிவிப்பைப் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆகஸ்ட் 15க்குள் படிக்க உட்கார்ந்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுத் தரவரிசையைத் தனியாகப் பார்க்க வேண்டும். மறுமுறை எழுதுகிறவர்களுக்கும் அது பொருந்தும். பொதுப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு.

கல்லூரியில் சேரும் நாளிலேயே செய்ய வேண்டிய ஒன்று: மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அசலாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். நடுவில் விலகினால் அசலைத் திருப்பித் தர என்ன நடைமுறை, மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்பார்களா என்று அலுவலகத்தில் அப்போதே கேளுங்கள். அடுத்த ஆண்டு சீட் கையில் இருக்கும்போது இந்தச் சண்டையைப் போட நேரம் இருக்காது.

உங்களிடம் இருக்கும் மணி எத்தனை?

மனம் சோர்வதற்கு மிகப் பெரிய காரணமாக நான் சொல்வது இதைத்தான்: முழுநேரம் படிக்கிறவனின் கால அட்டவணையை, கல்லூரி போகிறவன் நகல் எடுப்பது. அவன் தினம் பத்து மணி நேரம் போடுகிறான். நீங்கள் அதைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, நான்கு மணி நேரம் படித்த நாளில் "இன்றும் தோற்றேன்" என்று படுக்கப் போகிறீர்கள். முப்பது நாள் தொடர்ந்து தோற்றவர் முப்பத்தோராம் நாள் புத்தகத்தைத் திறக்க மாட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வார நாட்களில் உருப்படியாக நான்கரை மணி நேரம்; ஐந்து நாளுக்கு 22.5. சனிக்கிழமை 7, ஞாயிறு 7.5. வாரத்துக்கு 37 மணி. ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை ஏறத்தாழ 36 வாரம். இன்டர்னல் தேர்வு, செமஸ்டர் தேர்வு, பொங்கல், காய்ச்சல் என்று நான்கு வாரத்தைக் கழித்தால் 32. பெருக்கினால் 1,184, தோராயமாக 1,200 மணி நேரம். முழுநேரம் படிக்கிறவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. ஆனால் நீங்கள் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்து, தேர்வையும் எழுதிப் பார்த்தவர். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இருக்கும் சுமை உங்களுக்கு இல்லை.

பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு 20 அலகு, வேதியியலுக்கு 20, உயிரியலுக்கு 10. உயிரியல் அலகுகள் பெரியவை. 1,200 மணியில் இயற்பியலுக்கு 480, மற்ற இரண்டுக்கும் தலா 360 என்று பிரிப்பது பொதுவாகச் சரிவரும். மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலில் இருக்கும்போது அதற்கு ஏன் குறைவாக என்று கேட்கலாம். உயிரியலில் ஏற்கெனவே 280, 300 வாங்குகிறவருக்கு அங்கே ஏற இடம் கொஞ்சம்தான். அவரை வெளியே நிறுத்தி வைத்தது இயற்பியல். உங்கள் கதை வேறாக இருந்தால் பங்கையும் மாற்றுங்கள்.

அரசுக் கல்லூரிகள் பலவற்றில் ஷிப்ட் முறை இருக்கிறது. காலை ஷிப்ட் கிடைத்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு நேரே ஊர் நூலகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்காரலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் ஆறு மணி ஆகிவிடும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் வருகிறவர்கள் அந்த நேரத்தைப் புதிதாகப் படிக்கச் செலவழிக்க வேண்டாம். நேற்றுப் படித்ததை ஞாபகப்படுத்திப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

75 சதவீதம் என்பதும் ஒரு வரவு செலவுக் கணக்கு

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீத வருகைக்கு 68 நாள் போக வேண்டும். மிச்சம் 22. இந்த 22 நாளை முதல் இரண்டு மாதத்திலேயே சோம்பலுக்குச் செலவழித்துவிட்டு, பிறகு அபராதம் கட்டுவதும் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பதுமாக அலைகிறவர்களுக்குப் படிக்கும் மனநிலை எங்கிருந்து வரும்? ஒற்றைப்படை செமஸ்டரில் காய்ச்சலுக்கு நாலைந்து நாள் தவிர விடுப்பே எடுக்காமல் ஓட்டுங்கள். இரட்டைப்படை செமஸ்டரில் பத்துப் பன்னிரண்டு நாளை மார்ச், ஏப்ரலுக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

ரெக்கார்டு நோட்டு விஷயத்தில் மட்டும் கெடுபிடியாக இருங்கள். ஒவ்வொரு பிராக்டிகல் வகுப்புக்கும் மறுநாளே படம் வரைந்து கையெழுத்து வாங்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மார்ச் கடைசியில் மூன்று ராத்திரி முழுக்க ரெக்கார்டு எழுதுவீர்கள். அந்த மூன்று ராத்திரியின் விலை உங்களுக்குத் தேர்வன்று தெரியும்.

"விலங்கியல் படித்தால் நீட்டுக்கும் உதவும்" என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். முதல் செமஸ்டரில் முதுகெலும்பற்றவை பற்றி ஒரு முழுத்தாள் இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் மாதிரி உயிரி, அதன் உள்ளமைப்பு, வாழ்க்கைச் சுழற்சி என்று ஆழமாகப் போவார்கள். நீட்டுக்குத் தேவையானது தொகுதிகளின் முக்கியப் பண்புகளும் எடுத்துக்காட்டுகளும்தான். இரண்டும் ஒத்துப்போகிற இடம் குறைவு. கல்லூரிப் பாடத்தை நீட் பாடமாக மாற்ற முயலாதீர்கள். வகுப்பில் கவனித்து, இன்டர்னலுக்கு இரண்டு நாள், செமஸ்டருக்குத் தாளுக்கு மூன்று நாள் என்று ஒதுக்கித் தேறிவிடுங்கள். அரியர் ஒன்றுகூட வேண்டாம். பகுதி 1 தமிழையும் பகுதி 2 ஆங்கிலத்தையும் அலட்சியமாக விட்டு அரியர் வைக்கிறவர்கள்தான் அதிகம் வருத்தப்படுகிறார்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்ப்பது எப்படி

மாதிரித் தேர்வில் 475 வந்தது. மூன்று வாரம் உழைத்து எழுதினால் 468. "உழைத்தும் பயனில்லை" என்று தோன்றுகிறது. இந்த ஒரு எண் உங்களிடம் எதையும் சொல்லவில்லை. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2025 முறைப்படி 180 கேள்வி, 180 நிமிடம், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 150 கேள்விக்கு விடையளித்து 125 சரி, 25 தவறு என்றால் 500 கழித்தல் 25, ஆக 475. அந்த 25 தவறில் 8ஐச் சரியாக்கினால் 133 சரி, 17 தவறு: 532 கழித்தல் 17, ஆக 515. எட்டுக் கேள்விக்கு 40 மதிப்பெண். ஒவ்வொரு தவறும் சரியாகும்போது நான்கு அல்ல, ஐந்து ஏறுகிறது. புதிதாக ஒரு பாடத்தைப் படித்து எட்டு மதிப்பெண் சேர்ப்பதைவிட, கையிலிருந்து நழுவியதைப் பிடிப்பது மலிவு.

அதற்குத்தான் பிழைக் குறிப்பேடு. நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு தவறான கேள்விக்கும் ஒரு வரி: பாடம், என்ன தவறு, ஏன் தவறு, சரியான கருத்து ஒரே வாக்கியத்தில். "ஏன்" என்ற கட்டத்தில் நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். தெரியாது, தெரியும் ஆனால் மறந்தது, கேள்வியைத் தப்பாகப் படித்தது, கணக்கில் இடறியது. "சில்லி மிஸ்டேக்" என்று எழுதக் கூடாது. அந்தச் சொல் எதையும் விளக்காது, ஆறுதல் மட்டும் தரும்.

ஒரு மாதத்தில் நோட்டு பேச ஆரம்பிக்கும். "தப்பாகப் படித்தது" வரிசையில் பத்து இருந்தால், "சரியல்லாத கூற்று எது" வகைக் கேள்விகளில் அந்தச் சொல்லை வட்டமிடும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும். "மறந்தது" அதிகம் என்றால் திருப்பிப் பார்க்கும் இடைவெளி நீண்டுவிட்டது: படித்த மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று வையுங்கள். "தெரியாது" அதிகம் என்றால் மட்டும்தான் இன்னும் படிக்க வேண்டும். ஆர்வம் குறையும் வாரத்தில் இந்த நோட்டின் செப்டம்பர் பக்கங்களைத் திறந்து பாருங்கள். அப்போது செய்த தவறுகளில் பாதியை இன்று செய்ய மாட்டீர்கள். எந்தப் பேச்சாளரும் தராத தெம்பு அதில் இருக்கிறது.

தேர்வு மூன்று மணி நேரம் என்றால் அலசலுக்கு நான்கு மணி நேரம். அலசாத தேர்வு, எழுதாத தேர்வுக்குச் சமம். ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை மூன்று வாரத்துக்கு ஒரு முழுத்தேர்வு போதும். மற்றபடி பாடவாரியாக 45 கேள்வித் தேர்வுகள். பாதிப் பாடம் படிக்காத நிலையில் வாரா வாரம் முழுத்தேர்வு எழுதினால், படிக்காத பாடத்தைப் படிக்கவில்லை என்று அது திரும்பத் திரும்பச் சொல்லும்; அதைக் கேட்க மூன்று மணி நேரம் வேண்டாம். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், ஏப்ரலில் வாரம் இரண்டு.

எழுதும் நேரம் மதியம் 2 முதல் 5. உண்மையான தேர்வு அந்த நேரத்தில்தான். காலையில் புத்துணர்ச்சியோடு எழுதி 520 வாங்குகிறவர், மே மாதப் புழுக்கத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதும்போது தடுமாறுவது சகஜம். ஜெராக்ஸ் கடையில் தாளையும் ஓஎம்ஆர் தாளையும் அச்செடுத்து, கறுப்பு பால்பாயின்ட் பேனாவில் வட்டத்தை நிரப்பியே பழகுங்கள். செயலியில் தொட்டுத் தொட்டு எழுதிப் பழகியவருக்கு 180 வட்டம் நிரப்ப ஆகும் நேரம் கணக்கிலேயே இருக்காது. உயிரியலுக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, மீதி 20 நிமிடம் விட்ட கேள்விகளுக்கும் ஓஎம்ஆர் சரிபார்ப்புக்கும் என்று தொடங்கிப் பாருங்கள்.

ஊகித்து எழுதலாமா என்பது நிரந்தரச் சண்டை. எதுவுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண் வரவு. இரண்டு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரை. கணக்கு இப்படியிருக்க, "ஊகமே கூடாது" என்பது மிகை. இரண்டை நீக்க முடிந்தால் எழுதுங்கள். ஒன்றையும் நீக்க முடியாத கேள்வியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பதுதான் நஷ்டம்.

படிப்பதாகத் தோன்றுவது வேறு

உயிரியலில் என்சிஇஆர்டி புத்தகத்தை எட்டு முறை வாசித்தேன் என்பார்கள். எட்டாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மூளை தெரிந்தது என்று சொல்லி ஏமாற்றுகிறது. தேர்வில் விடை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். அதுவே மிகப் பெரிய மனச்சோர்வு.

ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுதுங்கள். ஒரு குளுக்கோஸ் உருவாக கால்வின் சுழற்சி எத்தனை முறை சுழல வேண்டும், எத்தனை ஏடிபி, எத்தனை என்ஏடிபிஹெச்? ஆறு, 18, 12. இதயச் சுழற்சி ஒன்றுக்கு எத்தனை நொடி? 0.8. ஒரு துடிப்பில் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ஏன் வருகிறது என்று பெருக்கிப் பாருங்கள். எழுத முடியாத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். இந்த முறை வாசிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும், மெதுவாகவும் போகும். ஆனால் ஒரு மணி நேரம் முடிந்ததும் கையில் ஒரு தாள் இருக்கும்.

இயற்பியலில் ஏமாற்று வேறு விதம். இரண்டு நிமிடம் கேள்வியைப் பார்த்துவிட்டு விடைக்குறிப்பைத் திறந்து, "ஓ, இதுதானா" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. இப்படி 500 கேள்வி "செய்தவர்" தேர்வில் ஐந்தில் தடுக்கி விழுவார். கேள்வியோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டுங்கள். வரவில்லையென்றால் விடையின் முதல் வரியை மட்டும் பாருங்கள். மூடிவிட்டுத் தொடருங்கள். மறுநாள் அதே கேள்வியை வெறுந்தாளில் முதலிலிருந்து போடுங்கள். நாளுக்கு 25 கேள்வி போதும்: 15 பழையது, 10 புதியது. ஞாயிறன்று மொத்தமாக எட்டு மணி நேரம் என்று குவிப்பதைவிட, தினம் தொண்ணூறு நிமிடம் நல்லது. கணக்குப் போடும் கை இரண்டு நாளில் இறுகிவிடும்.

பழைய வினாத்தாள்களைத் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடுங்கள். உயிரியல் பின்னணி உள்ளவர்கள் இயக்கவியலில் தொடங்கி அங்கேயே செப்டம்பர்வரை சிக்கி நின்றுவிடுவார்கள். அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டம், அணுவும் அணுக்கருவும், குறைக்கடத்தி இவற்றிலிருந்து தொடங்கினால் முதல் மாதத்திலேயே சில மதிப்பெண் கைக்கு வரும். அந்தத் தைரியத்தோடு சுழற்சி இயக்கத்துக்குள் போங்கள். லென்ஸ் கணக்கில் குறியீடு மாறுவது, சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது இரண்டும் பிழை நோட்டில் அடிக்கடி வரும். கால்குலேட்டர் கிடையாது, ரூட் 2, ரூட் 3 மதிப்புகளும் பை வர்க்கம் ஏறத்தாழ 10 என்பதும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஆகவே தமிழில் படியுங்கள், ஆனால் கலைச்சொல்லை இரண்டிலும் அறிந்திருங்கள். திருப்பு விசை டார்க், கோண உந்தம் ஆங்குலர் மொமென்டம், சவ்வூடு பரவல் ஆஸ்மாசிஸ் என்று தினம் பத்துச் சொல் ஒரு கைநோட்டில். தமிழ் வாக்கியம் புரியாத இடத்தில் கண் தானாகப் பக்கத்து மொழிக்குப் போகும். அப்போது பயம் இருக்காது.

ஒப்பீட்டில் ஒரு தவறு

"போன வருடம் இவ்வளவு மார்க்குக்குக் கிடைக்கவில்லை, நான் இன்னும் அதற்குக் கீழே" என்று புலம்புவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 2024இல் திருத்திய முடிவின்படி 17 பேர் 720க்கு 720. 2025இல் இயற்பியல் கடினமாக அமைந்து, நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. ஒரே உழைப்புக்கு இரண்டு ஆண்டில் இரண்டு மதிப்பெண். மதிப்பெண்ணைத் துரத்தாமல் தரவரிசையைப் பாருங்கள். மாதிரித் தேர்வு நிறுவனம் தரும் வரிசையை நம்பலாமா என்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே தொடரில் உங்கள் இடம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் நம்பலாம். இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் தாள்களை ஒப்பிட்டு அழுவது வீண்.

இன்னொரு ஒப்பீடு இன்ஸ்டாகிராமில் நடக்கிறது. பள்ளியில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் வெள்ளைக் கோட்டோடு படம் போட்டிருப்பார். அவரை வெறுக்க வேண்டாம், மே மாதம்வரை மியூட் செய்தால் போதும். "இன்னுமா நீட் எழுதற?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு, "காலேஜ் படிக்கிறேன் சித்தப்பா, செமஸ்டர் நல்லா போகுது" என்ற பதில் போதும். உங்கள் மாதிரித் தேர்வு மதிப்பெண் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

படிக்கவே முடியாத நாட்கள் வரும். அன்றைக்கென்று ஒரு குறைந்தபட்சம் வையுங்கள்: 15 கேள்வியும் பிழை நோட்டில் ஒரு பக்கமும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை முடித்துவிட்டுக் குற்ற உணர்வில்லாமல் தூங்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் பூஜ்யம் வராமல் பார்த்துக்கொள்வதே விதி. தூக்கத்தை ஆறரை, ஏழு மணிக்குக் கீழே வெட்டாதீர்கள். படித்தது நினைவில் படிவது தூக்கத்தில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது படிப்புத் திட்டத்தால் தீரும் விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவராக ஆசைப்படுகிறவர் மருத்துவ உதவி கேட்கக் கூச்சப்படுவது விந்தை.

கல்லூரியில் இருப்பதால் கிடைக்கும் ஒரு நன்மையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். ரத்ததான முகாம் நடக்கும் நாளில் பதிவு மேசையில் நில்லுங்கள். 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5உம் இருந்தால் 350 மில்லி கொடுக்கவும் செய்யலாம். மயங்கி உட்காரும் ஒருவரைக் கால் தூக்கிப் படுக்க வைப்பதை, ஊசியைப் பார்த்துப் பயப்படும் ஒருவரிடம் பேசிக்கொண்டே ரத்தம் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வேலையா, அல்லது "டாக்டர்" என்ற அடைமொழியா என்று கொஞ்சம் தெரியும். என்.சி.சி. பரேடும் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாமும் இந்த ஆண்டுக்கு வேண்டாம், நேரத்தை விழுங்கும்.

ஏப்ரல்

எல்லாத் திட்டமும் உடைவது இந்த மாதத்தில். பிராக்டிகல் தேர்வு, மூன்றாவது இன்டர்னல், செமஸ்டர் எழுத்துத்தேர்வு எல்லாம் நீட்டின் கடைசி ஐந்து வாரத்தின்மேல் வந்து விழும். ஆகவே நீட் பாடம் மார்ச் 20க்குள் ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும்; ஏப்ரலில் புதிதாக எதையும் தொடக்கூடாது. டிசம்பர் விடுமுறையின் மூன்று வாரம்தான் இதற்குக் கைகொடுக்கும். அந்த மூன்று வாரத்தில் தினம் ஒன்பது மணி நேரம் போட்டால், 190 மணி நேரம் கிட்டும். ஐந்து சாதாரண வாரத்துக்குச் சமம். செமஸ்டர் தாள்களுக்கான குறிப்புகளை பிப்ரவரி, மார்ச்சிலேயே தயாரித்து, பழைய வினாத்தாள்களில் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்து வைத்துவிடுங்கள்.

எத்தனை முறை எழுதுவது என்ற கேள்வியையும் இந்த மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். நீட்டுக்கு முயற்சி எண்ணிக்கையில் வரம்பில்லை, மேல் வயது வரம்பும் இல்லை. வரம்பில்லாததே ஆபத்து. முடிவு வந்த அன்று, அழுதுகொண்டே முடிவெடுக்கக் கூடாது. ஜனவரியில், தெளிவான ஒரு ஞாயிறன்று, தாளில் எழுதி வையுங்கள்: தரவரிசை இந்த எல்லைக்குள் வந்தால் இன்னொரு முறை, வராவிட்டால் பட்டத்தை முடிப்பேன். நீட் மதிப்பெண்ணிலேயே சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி இருக்கின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. அவற்றை "கிடைக்காதவர்களுக்கு" என்று நினைத்துச் சேர்ந்தால் அங்கேயும் இதே சோர்வுதான். அந்த மருத்துவத்தைப் படிக்க விருப்பம் இருந்தால் மட்டும் பட்டியலில் எழுதுங்கள்.

கடைசி வாரம் பிழை நோட்டை மட்டும் படியுங்கள். சனிக்கிழமை மையத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். அனுமதிச் சீட்டில் போஸ்ட்கார்டு அளவுப் படம் ஒட்டியாயிற்றா, அரைக்கை உடை, ஷூ இல்லாமல் செருப்பு என்று பாருங்கள். பேனா அங்கேயே தருவார்கள். மதியம் 1.30க்கு வாசல் மூடிவிடும். 12 மணிக்கே அங்கே இருங்கள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்ததும் யூடியூபில் விடைக்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பார்க்காதீர்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை உங்களுக்குச் செமஸ்டர் தாள் இருக்கலாம். ஹால் டிக்கெட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டு, முதல் இரண்டு அலகை மட்டும் புரட்டிவிட்டு, பத்து மணிக்குத் தூங்குங்கள்.